அப்பாவுக்குப் பின் தோட்டமும் தம்பியின் தேர்வும்: என் அனுபவம்

கோத்தகிரிக்கு அருகே எங்கள் சிறிய தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துவந்த அப்பா மாரடைப்பால் மறைந்தபின், பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியிருந்த தம்பி அறையை விட்டு வெளியே வராமலும், அம்மா வரவுசெலவு நோட்டைத் தொடாமலும் இருந்ததால், வீட்டுப் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆறுதல் சொன்ன உறவினர்கள் பலர். வழி சொன்னவர்கள் சிலரே.

முற்றிய செடிகளைக் கவாத்து செய்யாமல், அதாவது அவற்றின் கிளைகளை வெட்டிவிடாமல், விளைச்சல் மீளாது. செய்தாலோ சில மாதங்களுக்கு அச்செடிகளில் பறிக்க இலை இராது. எனவே பாதித் தோட்டத்தை மட்டும் கவாத்து செய்து, மறுபாதியின் பச்சைத் தேயிலையைக் கூட்டுறவுத் தொழிற்சாலைக்கு அளித்து, அந்த வருமானத்தில் மளிகைச் செலவையும் நகைக்கடன் வட்டியையும் சமாளித்தோம்.

தம்பியின் தூக்கமின்மை நீடித்ததால், 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் மனநலச் சேவையின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அவனையே பேசச் செய்தேன். இச்சேவை நாள் முழுவதும் தமிழிலும் கிடைக்கிறது. அண்ணனிடம் சொல்லத் தயங்கியதை அவன் அங்கே சொன்னான் போலும். பிறகு, இலையை எடைபோட்டு எழுதும் வேலையை அவனிடமே ஒப்படைத்தேன். கிலோக்கணக்கை எழுதப் பழகியவனுக்குப் பாடக் கணக்கின் மீதிருந்த அச்சமும் குறைந்தது. துணைத் தேர்வில் தேறினான். கடன் இன்னும் தீரவில்லை. மறுபாதிக் கவாத்து அடுத்த ஆண்டு.