டேட் நெருங்குது, வலி வரலை: கடைசி வாரங்களைச் சமாளிப்பது எப்படி

எங்களுக்கு டாக்டர் கொடுத்த டேட் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் சென்னையில், மனைவி வளைகாப்பு முடிந்து திருநெல்வேலி பக்கம் அவள் அம்மா வீட்டில். அந்தச் செவ்வாயை நடுவில் வைத்து ஆபீஸில் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு நெல்லை எக்ஸ்பிரஸில் போய் இறங்கினேன். அந்த ஒரு வாரமும் மாமியார் கையால் நன்றாகச் சாப்பிட்டேன், அவ்வளவுதான் நடந்தது. லீவு முடிந்து சென்னை திரும்பி, பையைக் கீழே வைத்த அன்றைக்கு ராத்திரி பத்தரைக்கு மச்சான் போன்: "அத்தான், அக்காவுக்கு வலி எடுத்துட்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டோம்." கிடைத்த பஸ்ஸில் ஏறி மறுநாள் காலை பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது என் மகள் பிறந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது.

நான் செய்த தப்பு, டேட்டை ரயில் டைம் மாதிரி நம்பியது. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம் என்று எண்ணி வருகிற தேதி அது. சரியாக அதே நாளில் பிறக்கிற குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். 37 வாரம் முடிந்ததிலிருந்து 42 வரைக்கும் எந்த ராத்திரியிலும் போன் வரலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு குழப்பம், ஒவ்வொரு ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் ஒரு டேட் இருக்கும். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் கணக்குதான் நம்பகமானது, எட்டாம் மாத ஸ்கேன் பத்து நாள் தள்ளிச் சொல்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

அதனால் லீவைக் காத்திருப்பதில் கரைக்காதீர்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு 26 வாரச் சம்பள விடுப்பில் பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம், உடம்பு இடம் கொடுத்தால் அதில் மிச்சம் பிடிப்பது பிள்ளையோடு இருக்கக் கிடைக்கும். தனியார் வேலையில் இருக்கும் அப்பாக்களுக்குச் சட்டப்படி எந்த லீவும் கிடையாது, எனவே மேனேஜரிடம் "போன் வந்தால் அந்த நிமிஷம் கிளம்பிவிடுவேன்" என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் உங்கள் ஊருக்கு என்ன வண்டி இருக்கிறது என்பதையும் இப்போதே பார்த்துவையுங்கள். நான் பார்க்கவில்லை.

இனி முக்கியமான விஷயம், அசைவு. "நாள் நெருங்கினா பிள்ளைக்கு இடம் பத்தாது, அசைவு குறையத்தான் செய்யும்" என்று குறைந்தது மூன்று பெரியவர்கள் சொல்வார்கள். தப்பு. உதைப்பது போய்ப் புரள்வது, நெளிவது என்று அசைவின் விதம் மாறலாம், ஆனால் அசைவு குறையக் கூடாது. சந்தேகம் வந்தால் எதையாவது சாப்பிட்டுவிட்டு இடது பக்கமாகச் சாய்ந்து படுத்து, டிவி, போன் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்து எண்ண வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு தெரியவில்லை என்றாலோ, வழக்கமாக ஆட்டம் போடும் பிள்ளை திடீரென்று அடங்கிப் போனது போலத் தோன்றினாலோ உடனே ஆஸ்பத்திரி. ராத்திரி இரண்டு மணியாக இருந்தாலும் சரி, "விடிஞ்சு பார்த்துக்கலாம்" என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் சந்தோஷமாக வீட்டுக்கு வாருங்கள்.

அப்புறம் வலி. எங்கள் பக்கம் 'சூட்டு வலி' என்பார்கள், இழுத்துப் பிடிக்கும், பிறகு ஒழுங்கே இல்லாமல் போய்விடும். மாமியார் உடனே சீரகத் தண்ணீர் கொதிக்கவைப்பார். குடித்துவிட்டு ஒரு மணி நேரம் படுத்தால் அடங்குகிறதா, பொய் வலி. அடங்குவது சீரகத்தாலா ஓய்வாலா என்று நான் மாமியாரிடம் விவாதம் செய்யப் போவதில்லை, சோதனையாக அது மோசமில்லை. நிஜ வலி நடந்தாலும் படுத்தாலும் விடாது, இடுப்பிலிருந்து முன்னால் வரும், இடைவெளி குறைந்துகொண்டே போகும். தலைச்சன் என்றால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம், ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம் நீடித்து, ஒரு மணி நேரமாக அப்படியே போகிறது என்றால் கிளம்புங்கள். ஆஸ்பத்திரி தூரம் என்றாலோ இரண்டாவது பிரசவம் என்றாலோ அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டாம். 37 வாரத்துக்கு முன்னால் விட்டுவிட்டு வலி வந்தால் சீரகத்தை எடுக்காதீர்கள், வண்டியை எடுங்கள்.

வலி இல்லாமலே கிளம்ப வேண்டிய சமயங்களும் உண்டு. பனிக்குடம் உடைந்தால் போக வேண்டும், தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் இன்னும் அவசரம், ஏனென்றால் பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருக்கலாம். கொஞ்சம் சளியோடு ரத்தக் கோடு தெரிவது சாதாரணம், ரத்தமாகவே போவது சாதாரணம் இல்லை. விடாத தலைவலி, கண் மங்குவது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, மேல்வயிற்றில் வலி என்று எது வந்தாலும் ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம், உடனே காட்டுங்கள். வண்டி இல்லையென்றால் 108, காசு கிடையாது, கூச்சப்பட வேண்டாம்.

டேட் தாண்டினால் ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம், வயிறு கலங்கி, உடம்பில் தண்ணீர் வற்றி, பிரசவத்துக்குத் தேவையான தெம்பும் போய்விடும். பொறுமையாக நடங்கள், ஒருக்களித்துத் தூங்குங்கள். 41 வாரத்தை ஒட்டி டாக்டரே வலி வரவைப்பதைப் பற்றிப் பேசுவார், செக்கப்பைத் தவறவிடாதீர்கள். ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரத்துக்கு 39 வாரத்துக்கு முன்பே ஆபரேஷன் செய்யச் சொல்வதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை, நட்சத்திரம் நன்றாக அமைந்து மூச்சுக்குத் திணறும் பிள்ளை யாருக்கு வேண்டும்?

பையை 36 வாரத்திலேயே கட்டிவிடுங்கள். முன்பக்கம் திறக்கிற நைட்டி, பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணி, ஃபிளாஸ்க், பக்கெட், மக், நீளமான ஒயர் உள்ள சார்ஜர், எல்லா ஸ்கேனும் ஒரே ஃபைலில், ஆதார் நகல், ரத்த வகை எழுதிய சீட்டு. தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்குப் பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும்போது கிடைக்கும் எண்) கேட்பார்கள், செவிலியரிடம் இன்னும் வாங்கவில்லை என்றால் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். கணவர் ஊரில் இல்லாதபோது கையெழுத்து யார் போடுவது, ரத்தம் கொடுக்க யார் வருவார்கள் என்பதையும் பேசிவையுங்கள். எங்கள் வீட்டில் இதெல்லாம் மச்சான் தலையில் விழுந்தது, பாவம், அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது.

கடைசியாக, போன் தொல்லை. "இன்னும் ஒண்ணும் ஆகலையா?" என்று காலையில் பெரியம்மா, மதியம் சித்தி, ராத்திரி மறுபடி பெரியம்மா. நிறைமாசக்காரியிடம் போனைக் கொடுக்காமல், பதில் சொல்வதற்கென்று வாய் உள்ள ஒருவரைப் போடுங்கள். எங்களுக்கு மாமியார் இருந்தார்: "பெறந்தா அது அழுகுற சத்தம் ஒங்க ஊரு வரைக்கும் கேக்கும்லா, இப்பம் போனை வையுங்க."