அகதிகளுக்கும் தஞ்சம் கோருவோருக்கும் ஒருங்கிணைந்த சமூக மருத்துவம்: ஒரு செயல்முறைக் கையேடு

நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண்ணை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அவருக்கு நீரிழிவு இருக்கிறது. இரு தோள்களிலும் நீண்டநாள் வலி. பல மாதங்களாகச் சரியான உறக்கமில்லை. பதின்ம வயது மகனுடன் தற்காலிக விடுதி ஒன்றில் தங்கியிருக்கிறார். இன்னும் சில வாரங்களில் அவருடைய தஞ்சக் கோரிக்கை விசாரணைக்கு வருகிறது. நீரிழிவுக்கு ஓரிடம், தோளுக்கு ஓரிடம், உறக்கத்துக்கு ஓரிடம், வழக்குக்கு ஓரிடம் என்று அவர் நான்கு கதவுகளைத் தட்டுகிறார். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் இருப்பவர் "உங்களுக்கு என்ன நடந்தது?" என்று முதலிலிருந்து கேட்கிறார். எல்லாத் தாள்களும் அவருடைய பிளாஸ்டிக் பையில் இருக்கின்றன. முழுக் கதையும் தெரிந்தவர் அவர் ஒருவரே. அந்தப் பையின் சுமையை நோயாளியின் தோளிலிருந்து இறக்கிக் குழுவின் கையில் வைப்பதையே இங்கே ஒருங்கிணைப்பு என்கிறேன். ஆரம்பச் சுகாதார நிலையமோ, தன்னார்வ அமைப்போ, சிறிய சமூக மருத்துவமனையோ அதை எப்படிச் செய்யலாம் என்பதே இக்கையேட்டின் பொருள்.

யாருக்காக இது

1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தமும் 1967ஆம் ஆண்டின் நெறிமுறையும் அகதி என்பவர் யார் என்று வரையறுக்கின்றன. தஞ்சம் கோருவோர் என்பவர் அந்தத் தகுதியைக் கேட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர். 2024 இறுதியில் உலகெங்கும் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்தோர் 12.32 கோடிப் பேர் என்றும், அவர்களுள் தஞ்சக் கோரிக்கை நிலுவையில் இருப்போர் ஏறத்தாழ 84 லட்சம் பேர் என்றும் ஐ.நா. அகதிகள் முகமை கணக்கிட்டது. மருத்துவ உரிமை நாட்டுக்கு நாடு வேறுபடும். ஒரே நாட்டிலும் கோரிக்கை நிலுவையில் இருப்பவருக்கும், ஏற்கப்பட்டவருக்கும், மறுக்கப்பட்டவருக்கும் வேறுபடும். ஆகவே உங்கள் இடத்தில் எந்த நிலையில் உள்ளவருக்கு எந்தச் சேவை கிடைக்கும் என்பதை ஒரே தாளில் எழுதி, முன்மேசைப் பணியாளர் கையில் கொடுங்கள். உரிமை உள்ளவர்கள் திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் முன்மேசையில்தான் நிகழ்கிறது.

சிக்கலான தேவை என்பதை நோய்களின் எண்ணிக்கையாகப் பார்க்கக் கூடாது. ஒரு தொல்லை இன்னொன்றைப் பெருக்கும் நிலை அது. உறக்கமில்லாததால் அந்தப் பெண் காலை மருந்தை மறக்கிறார்; சர்க்கரை ஏறுகிறது; கவனம் சிதறுகிறது; வழக்கறிஞர் கேட்ட தேதிகளை மாற்றிச் சொல்கிறார்; கோரிக்கை மறுக்கப்படுமோ என்ற அச்சம் உறக்கத்தை மேலும் கெடுக்கிறது. இந்தச் சுழலின் ஒரு புள்ளியை மட்டும் சிகிச்சைக்கு எடுத்துக்கொண்டால் பலன் நிலைக்காது.

ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்

குழுவில் மருத்துவர், செவிலியர், மனநல ஆலோசகர், சமூகப் பணியாளர், உரைபெயர்ப்பாளர், சட்ட உதவியாளர் என்று பலர் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஓர் ஒருங்கிணைப்பாளர் இருந்தே ஆக வேண்டும். "குழு முழுவதும் பொறுப்பு" என்றால் ஒருவரும் பொறுப்பில்லை என்றே பொருள். அனுபவமுள்ள செவிலியரோ சமூகப் பணியாளரோ இதற்கு மிகப் பொருத்தமானவர். மருத்துவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சந்திப்புகளின் தேதிகளை ஒத்திசைப்பதும், பரிசோதனை முடிவுகள் வந்துசேர்ந்தனவா என்று பார்ப்பதும், முகவரி மாறினால் எல்லோருக்கும் அறிவிப்பதும், வராமல் போனவரைத் தொலைபேசியில் அழைப்பதும் அவருடைய வேலை. வராதவரைப் பட்டியலிலிருந்து நீக்கும் வழக்கம் இந்த மக்களிடம் பெருந்தீங்கு செய்கிறது. கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கலாம். படிக்கத் தெரியாத மொழியில் இருந்திருக்கலாம். பேருந்துக்குக் காசில்லாமல் போயிருக்கலாம்.

வாரம் ஒருமுறை அரைமணி நேரம் குழு கூடிப் பேசட்டும். பேசுவதற்கு மூன்றே கேள்விகள் போதும்: இப்போது இவருக்கு எது மிக முக்கியம், அதை யார் செய்கிறார், எந்த நாளுக்குள்? முதல் கேள்விக்கான விடையை நோயாளியிடமே கேட்டு வந்திருக்க வேண்டும். மருத்துவர் சர்க்கரையைச் சொல்லும்போது அந்தப் பெண் மகனின் பள்ளிச் சேர்க்கையைச் சொல்லக்கூடும். பள்ளி முடிவாகிவிட்டால் இன்சுலின் பற்றிக் கேட்க அவருக்கு மனம் இருக்கும்.

பெயரும் பிறந்த நாளும்

சிறிய விஷயம்போலத் தோன்றினாலும் இதை முதலிலேயே சரிசெய்யுங்கள். பிறந்த நாள் பதிவு இல்லாத அகதிகள் பலருக்கு ஆவணங்களில் ஜனவரி 1 என்று எழுதிவிடுகிறார்கள். அதன் விளைவாக ஒரே பெயரும் ஒரே பிறந்த நாளும் கொண்ட இருவர் ஒரே மருத்துவமனையில் இருப்பது அரிதல்ல. எத்தியோப்பியா, எரித்திரியா ஆகிய நாடுகளிலிருந்து வருவோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று பொதுவாக இருப்பதில்லை. இரண்டாவதாக வருவது தந்தையின் பெயர். அதைக் குடும்பப் பெயராகப் பதிந்தால் தாயும் பிள்ளையும் வெவ்வேறு குடும்பமாகக் கணினியில் பிரிந்துபோவார்கள். பெயரும் பிறந்த நாளும் மட்டும் போதாது. புகைப்படமோ பதிவு எண்ணோ மூன்றாவது அடையாளமாக இருக்கட்டும்.

மொழி

இந்தப் பணியில் செலவைக் குறைக்கவே கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது உரைபெயர்ப்புதான். நோயாளி எந்த நாட்டவர் என்று கேட்டு மொழியை ஊகிக்காதீர்கள். ஆப்கானியர் ஒருவர் தாரி பேசலாம், பஷ்தோ பேசலாம். குர்தியரிடையே குர்மாஞ்சியும் சொரானியும் ஒன்றல்ல. மொராக்கோவின் அரபும் ஈராக்கின் அரபும் எளிதில் ஒன்றையொன்று புரிந்துகொள்வதில்லை. "எந்த மொழியில் பேச விரும்புகிறீர்கள், ஆண் பெயர்ப்பாளரா பெண் பெயர்ப்பாளரா?" என்று கேட்டுப் பதிவின் முதல் வரியிலேயே எழுதிவையுங்கள்.

பிள்ளைகளை ஒருபோதும் உரைபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். தாய்க்கு நேர்ந்த வன்முறையை மகன் வாயால் கேட்பது இருவரையும் காயப்படுத்தும். பெரும்பாலும் தாய் உண்மையைச் சொல்லவே மாட்டார். கணவரும் உறவினரும் அப்படியே. அதே ஊரைச் சேர்ந்த பெயர்ப்பாளர் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்டு வற்புறுத்த வேண்டியதில்லை. புலம்பெயர்ந்த சமூகம் சிறியது, செய்தி விரைவில் பரவும். எதிர்த்தரப்பைச் சேர்ந்தவராகவும் அவர் இருக்கக்கூடும். அத்தகைய நேரங்களில் வேறு நகரத்திலிருந்து தொலைபேசி வழியாகப் பேசும் பெயர்ப்பாளரே பாதுகாப்பு.

பேசும்போது நோயாளியின் முகத்தைப் பார்த்து, அவரிடமே நேராகப் பேசுங்கள். முடிவில் "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். மாறாக, "நான் தெளிவாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும், இந்த மாத்திரையை வீட்டில் எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். சந்திப்புக்கு வழக்கமான நேரத்தைப்போல் இருமடங்கு ஒதுக்குங்கள். உரைபெயர்ப்பில் ஒவ்வொரு வாக்கியமும் இருமுறை சொல்லப்படுகிறது என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் விளங்கும்; அட்டவணை போடுபவர்களுக்கு மட்டும் ஏனோ விளங்குவதில்லை.

முதல் சந்திப்பும் உடற்பரிசோதனையும்

முதல் சந்திப்பில் மூன்றைச் சொல்லிவிடுங்கள்: நீங்கள் யார், இங்கே பேசுவது எவற்றுக்குப் பயன்படும், நோயாளியின் அனுமதியில்லாமல் குடியேற்ற அதிகாரிகளுக்கு எதுவும் போகாது. மூன்றாவதை உங்கள் நாட்டின் சட்டம் உண்மையிலேயே அனுமதிக்கிறதா என்று முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள். காப்பாற்ற முடியாத வாக்குறுதி மௌனத்தைவிடக் கெட்டது. பயண வழியில் நடந்தவற்றை அன்றே கேட்க வேண்டிய அவசியம் இல்லை. வலி, மருந்து, கருவுற்றிருக்கிறாரா, இன்றிரவு உறங்குமிடம் பாதுகாப்பானதா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்பவை போதும்.

தொற்றுநோய்ப் பரிசோதனை ஒருவர் பிறந்த நாட்டையும் கடந்து வந்த பாதையையும் பொறுத்தது. காசநோய், ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. ஆகியவற்றைப் பல நிகழ்ச்சித் திட்டங்கள் வழக்கமாகச் சேர்க்கின்றன. அதிகம் தவறவிடப்படுவது ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்னும் குடற்புழு. அது உடலுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் தொற்றிப் பல பத்தாண்டுகள் அறிகுறியின்றி வாழக்கூடியது. அந்த நிலையில் ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் உடலெங்கும் பரவி உயிரையே பறிக்கலாம். ஆகவே அந்தப் பெண்ணின் தோள்வலிக்கு ஸ்டீராய்டு எழுதும் முன் அவர் எங்கிருந்து வந்தவர் என்று பாருங்கள். இதற்கான மருந்து ஐவர்மெக்டின். மத்திய, மேற்கு ஆப்பிரிக்காவில் காணப்படும் லோவா லோவா என்னும் புழு இரத்தத்தில் மிகுதியாக உள்ளவருக்கு அதே மருந்து மூளையைப் பாதிக்கக்கூடும் என்பதால், அந்தப் பகுதியினருக்கு முதலில் இரத்தப் பரிசோதனை வேண்டும்.

தடுப்பூசி எளிதான பகுதி. எழுத்துச் சான்று இல்லையென்றால் போடப்படவில்லை என்றே வைத்துக்கொண்டு தொடங்கலாம். இடையில் நின்றுபோன வரிசையை மீண்டும் முதலிலிருந்து போட வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். பல், கண், இரத்தசோகை ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள். அவசரமில்லாதவை என்று தள்ளிப்போடப்படுபவை இவையே, நோயாளிகள் அன்றாடம் அவதிப்படுவதும் இவற்றால்தான்.

உடலைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் அனுமதி கேளுங்கள். மின்சாரத்தால் வதைக்கப்பட்டவருக்கு ஈ.சி.ஜி. கம்பிகளும், மூச்சடைக்கப்பட்டவருக்குப் பல் மருத்துவரின் சாய்நாற்காலியும், பாலியல் வன்முறைக்கு உள்ளானவருக்கு மகப்பேறுப் பரிசோதனையும் பழைய அறையைக் கண்முன் கொண்டுவரும். கதவு திறந்திருக்க வேண்டுமா, யார் உடனிருக்க வேண்டும், எந்த நேரத்திலும் கையை உயர்த்தி நிறுத்தலாம் என்பதை முன்கூட்டியே பேசிவைத்தால் பாதிப் பயம் தணியும். பாதங்களில் அடிக்கப்பட்டவருக்கு நடக்கும்போது நீடிக்கும் வலியும், கைகளைப் பின்னால் கட்டித் தொங்கவிடப்பட்டவருக்குத் தோள் நரம்புச் சேதமும் இருக்கலாம். நம் கற்பனைப் பெண்ணின் தோள்வலி இப்போது வேறு பொருள் கொள்கிறது.

மனநலமும் அன்றாட வாழ்வும்

2007ஆம் ஆண்டு பன்னாட்டு மனிதநேய அமைப்புகளின் நிலைக்குழு வெளியிட்ட வழிகாட்டி, மனநல உதவியை நான்கு அடுக்குப் பிரமிடாகக் காட்டுகிறது: அடியில் பாதுகாப்பும் அடிப்படைத் தேவைகளும், அதன்மேல் குடும்ப, சமூக ஆதரவு, பிறகு பயிற்சி பெற்ற பணியாளரின் குறிப்பான உதவி, உச்சியில் நிபுணர் சிகிச்சை. நடைமுறையில் பலரும் உச்சியிலிருந்து தொடங்குகிறார்கள். உறங்க இடமில்லாதவரை மனநல நிபுணரின் காத்திருப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள்.

மூன்றாம் அடுக்குக்கு உலகச் சுகாதார அமைப்பு 2016இல் வெளியிட்ட 'பிரச்சினை மேலாண்மை பிளஸ்' என்னும் குறுகிய மனநல ஆலோசனை முறை நல்ல கருவி. மனநலப் பட்டம் இல்லாத, ஆனால் பயிற்சியும் மேற்பார்வையும் பெற்ற பணியாளர்கள் ஐந்து அமர்வுகளில் இதைச் செய்யலாம். அதே மொழி பேசும் முன்னாள் அகதி ஒருவரே அப்பணியாளராக அமையும்போது உரைபெயர்ப்புச் சுவரும் இல்லை. ஆனால் மேற்பார்வையை விட்டுவிடாதீர்கள். நாள்தோறும் இக்கதைகளைக் கேட்பவரும் மனிதரே.

உறக்கமில்லை என்றதும் டயஸபாம் போன்ற மாத்திரைகளை எழுதும் பழக்கத்தைக் குழுவாகவே தவிருங்கள். அண்மையில் நேர்ந்த மனவடுவின் அறிகுறிகளுக்கு அவற்றைத் தர வேண்டாம் என்று உலகச் சுகாதார அமைப்பின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. விடுதி அறையில் கதவுத் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று சமூகப் பணியாளர் பார்த்துவருவது சில நேரம் மாத்திரையைவிட அதிகம் உதவும்.

சித்திரவதைச் சான்று

வழக்குக்காக மருத்துவ அறிக்கை கேட்கப்பட்டால் இஸ்தான்புல் நெறிமுறையைப் பின்பற்றுங்கள். 1999இல் உருவாகி 2022இல் திருத்தப்பட்ட ஐ.நா. கையேடு அது. தழும்பு ஒன்று சொல்லப்பட்ட நிகழ்வுடன் பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, அத்தகைய நிகழ்வில் வழக்கமாகக் காணப்படுவது, அதையன்றி வேறு காரணமில்லை என்று ஐந்து படிகளாக மதிப்பிட அது கற்பிக்கிறது. நடந்தது உண்மை என்று தீர்ப்பளிப்பது உங்கள் வேலை அல்ல. கண்டது சொன்னதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று எழுதுவதே உங்கள் வேலை. பயிற்சி இல்லாதவர் எழுதும் அரைகுறை அறிக்கை வழக்கைக் கெடுக்கும் என்பதால், வழக்கமான குறிப்புகளில் அளவும் இடமும் தெளிவாகப் பதிந்துவிட்டு, முழு அறிக்கையைப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். மனவடுவால் தேதிகள் குழம்புவது நினைவின் இயல்பு என்பதையும் வழக்கறிஞருக்கு எழுத்தில் விளக்கலாம், நோயாளி சம்மதித்தால்.

இடம் மாறும்போது

தஞ்சம் கோருவோர் முன்னறிவிப்பின்றி வேறு நகரத்துக்கு மாற்றப்படுவது வழக்கம். மறைந்திருக்கும் காசநோய்த் தொற்றுக்குப் பல மாத மருந்து தொடங்கும் முன்பே அந்த வாய்ப்பை எண்ணிப் பாருங்கள். பாதியில் நின்றால் யார் தொடர்வார் என்று தெரியாமல் தொடங்காதீர்கள். முதல் நாளிலிருந்தே ஒருபக்கச் சுருக்கக் குறிப்பொன்றை நோயாளிக்குத் தெரிந்த மொழியிலும் உள்ளூர் மருத்துவர் மொழியிலும் வைத்து, ஒவ்வொரு சந்திப்பிலும் புதுப்பியுங்கள். நோய்கள், மருந்தின் பொதுப்பெயரும் அளவும், ஒவ்வாமை, தடுப்பூசிகள், நிலுவையிலுள்ள பரிசோதனைகள், விரும்பும் மொழி, பெயர்ப்பாளரின் பாலினம், ஒருங்கிணைப்பாளரின் தொலைபேசி எண் ஆகியவை அதில் இருக்கட்டும். சித்திரவதை பற்றிய விவரம் அதில் வேண்டாம். தாள் யார் கைக்கும் போகலாம். "மீண்டும் கேட்க வேண்டாம், விவரம் எங்கள் பதிவில் உள்ளது, நோயாளியின் அனுமதியுடன் எங்களை அழைக்கவும்" என்ற ஒரு வரி போதும்.

மாற்றம் நடந்த வாரத்திலேயே ஒருங்கிணைப்பாளர் புதிய இடத்துக்கு இரண்டு அழைப்புகள் செய்யட்டும்: ஒன்று அங்குள்ள மருத்துவக் குழுவுக்கு, மற்றொன்று நோயாளிக்கு. அடுத்த இன்சுலின் எந்த நாளில், யார் கையிலிருந்து கிடைக்கும் என்பதை இருவரும் ஒரே மாதிரி சொன்னால், அன்று கோப்பை மூடலாம்.