மாங்காய் விலையைத் தேடி அலைய வேண்டாம்

சீசன் வந்தால் கிருஷ்ணகிரிப் பக்கம் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: மாங்கூழ் ஆலையில் தோத்தாபுரி ரக மாங்காய்க்கு இன்று என்ன விலை? இதற்காகத் தினமும் பத்துத் தளங்களைத் திறந்து பார்த்துக் கண் வலித்ததுதான் மிச்சம். இப்போது செய்தி தானாக என்னிடம் வருகிறது.

நாம் கொடுக்கும் சொல் வரும் புதுச் செய்திகளைத் தேடித் தரும் கூகுள் அலர்ட்ஸில் "தோத்தாபுரி" என்று தட்டுங்கள், மேற்கோள் குறியோடு. வெறும் "மாங்காய்" என்று போட்டால் ஊறுகாய்க் குறிப்பாக வந்து குவியும், நான் பட்டிருக்கிறேன்! கீழே விருப்பங்களைத் திறந்தால் எங்கே அனுப்ப வேண்டும் என்று கேட்கும். அதில் மின்னஞ்சலுக்குப் பதில் ஆர்எஸ்எஸ் ஓடையை (புதிதாக வருவதைத் தானாகக் கொண்டுவரும் இணைப்பு) தேர்ந்தெடுங்கள். அலர்ட்டை உருவாக்கியதும் பக்கத்தில் வரும் சின்ன ஆர்எஸ்எஸ் குறியின் இணைப்பை நகலெடுத்து, ஓடைகளைப் படிக்கும் செயலிகளான ஃபீட்லி அல்லது ஐனோரீடரில் ஒட்டினால் சரி. ஒகேனக்கல் நீர்வரத்துக்கும் இதேபோல் ஒன்று வைத்திருக்கிறேன். இதேபோல் ஓடை படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டதும் ஓடைகளே போய்விட்டன என்று நினைப்பவர்கள் உண்டு, அப்படியெல்லாம் இல்லை. யூடியூப் சேனலைக்கூட இந்தச் செயலிகளில் சேர்க்கலாம்.

அப்புறம், படித்ததில் உருப்படியானவற்றை இணைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெயின்டிராப்பில் 'பூச்சி', 'கவாத்து' என்று குறிச்சொல் போட்டுச் சேமிக்கிறேன். அந்தத் தொகுப்பைப் பொதுவாக வைத்தால் அதற்கே ஓர் ஓடை கிடைக்கும். சந்தூரில் இருக்கும் மச்சான் அதைத் தன் செல்போனில் போட்டுக்கொண்டார். நான் எதைச் சேமித்தாலும் அவருக்கும் போய்ச் சேர்கிறது. போன வாரம் தவறிப்போய் ஒரு பிரியாணிக் குறிப்பும் போய்விட்டது.