டிஆர்4 ஓவர்டிரைவை வீட்லயே பிரிச்சு மாட்டுறது எப்படி

டிரையம்ஃப் டிஆர்4-ங்கிற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்ல சுவிட்சைத் தட்டினா ஓவர்டிரைவ் (அதே ஸ்பீடுல இன்ஜினை மெதுவா சுத்த வைக்கிற கூடுதல் கியர் யூனிட்) விழலைன்னா முதல்ல செய்யக்கூடாதது ஒண்ணே ஒண்ணுதான், கியர்பாக்ஸை இறக்குறது. இறக்குறதுன்னு சொல்றது கூட தப்பு, இந்த கார்ல கியர்பாக்ஸ் கீழ வழியா வராது. சீட்டு, கார்பெட், கியர்பாக்ஸை மூடியிருக்கிற டனல் கவர் எல்லாத்தையும் கழட்டிட்டு காருக்குள்ள இருந்தே மேல தூக்கி கதவு வழியா வெளிய எடுக்கணும், ரெண்டு ஆள் இல்லாம முடியாது, அடுத்த நாள் இடுப்பு பேசும். நான் முதல் தடவை அந்தப் பாடெல்லாம் பட்டு எடுத்து மேடைல வச்சப்புறம்தான் பார்த்தேன், இன்ஹிபிட்டர் சுவிட்ச் (சில கியர்ல மட்டும் ஓவர்டிரைவுக்கு கரண்ட் விடுற சுவிட்ச்) வயர் பாதி அறுந்து தொங்குது.

உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் தெரிஞ்சா பாதி குழப்பம் போயிடும். இது லேகாக் கம்பெனி செஞ்ச டி நார்மன்வில் ஏ டைப், கியர்பாக்ஸ் வாலுல ஒட்டிக்கிட்டு இருக்கும். நடுவுல சன் வீல், அதைச் சுத்தி மூணு பிளானட் கியர், வெளிய ஆனுலஸ், அதாவது உள்பக்கம் பல்லு இருக்கிற வளையம். சாதாரணமா எட்டு ஸ்பிரிங் சேர்ந்து கோன் கிளட்சை ஆனுலஸ் மேல அழுத்தி வச்சிருக்கும், எல்லாம் ஒரே கட்டியா சுத்தும். சுவிட்சைப் போட்டா சோலனாய்டு (கரண்ட்ல இழுக்கிற காந்தக் காயில்) வால்வைத் தூக்கும், 400 பிஎஸ்ஐ வட்டாரத்துல இருக்கிற ஆயில் பிரஷர் கோனை முன்னாடி தள்ளி பிரேக் ரிங்ல ஒட்ட வைக்கும், சன் வீல் நின்னுடும், வெளிய போற ஷாஃப்ட் வேகமா சுத்தும். விகிதம் 0.82, அதாவது 3000 ஆர்பிஎம்-ல ஓடிட்டு இருந்த இன்ஜின் அதே ஸ்பீடுல 2460-க்கு இறங்கும்.

இதுலயே ஒரு முக்கியமான விஷயம் ஒளிஞ்சிருக்கு. ஓவர்டிரைவ் விழுந்து சிக்கிக்கிச்சு, வெளிய வர மாட்டேங்குதுன்னா தயவுசெய்து ரிவர்ஸ் போடாதீங்க. உள்ள இருக்கிற உருளை கிளட்ச் ஒரு பக்கம் மட்டும்தான் சுத்தும், ரிவர்ஸ்ல போனா நொறுங்கிடும். காரைத் தள்ளிக்கிட்டே போனாலும் பரவாயில்ல.

சரி, முதல் வேலை ஆயில் லெவல். அடுத்து கரண்ட். இன்ஜின் ஆஃப், இக்னிஷன் ஆன், டாப் கியர்ல போட்டு சுவிட்சைத் தட்டுங்க, கீழ "டக்"னு கேக்கணும். கேக்கலைன்னா இன்ஹிபிட்டர் சுவிட்ச், ரிலே, சோலனாய்டுன்னு வரிசையா பாருங்க. கேட்டும் வேலை செய்யலைன்னா லீவர் செட்டிங். யூனிட்டோட வலது பக்கம் ஒரு சின்ன லீவர் இருக்கு, அதுல ஒரு ஓட்டை, சோலனாய்டு இழுத்த நிலைல அந்த ஓட்டையும் கேஸிங்ல இருக்கிற ஓட்டையும் நேரா வரணும். 3/16 இன்ச் டிரில் பிட்டை செருகிப் பாருங்க, போகலைன்னா கிளாம்ப் போல்ட்டை லூஸ் பண்ணி சரி பண்ணுங்க. பண்ணி முடிச்சதும் அம்மீட்டர் வைங்க. சோலனாய்டு முழுசா இழுத்ததும் கரண்ட் 2 ஆம்பியர் பக்கத்துக்கு இறங்கிடணும். 20-லயே நிக்குதுன்னா பிளஞ்சர் கடைசி வரைக்கும் போகல, பிடிச்சு மட்டும் வைக்கிற ஹோல்டிங் காயிலுக்கு மாறல, அப்படியே விட்டா சோலனாய்டு எரிஞ்சுடும், புதுசு விலை கேட்டா தலை சுத்தும்.

இதுக்கு மேல ஆயில் பக்கம் போகணும்னா ஒண்ணு மறந்துடாதீங்க, வண்டி நின்னாலும் உள்ள பிரஷர் இருக்கும். எந்த பிளக்கையும் திறக்குறதுக்கு முன்னாடி இன்ஜின் ஆஃப்ல சுவிட்சை பத்துப் பன்னெண்டு தடவை ஆன் ஆஃப் பண்ணி பிரஷரை இறக்கிடுங்க, இல்லைன்னா சூடான ஆயில் முகத்துல அடிக்கும்.

ஆபரேட்டிங் வால்வு, அதாவது சோலனாய்டு தூக்குற அந்த வால்வை எடுக்க கியர்பாக்ஸை வெளிய எடுக்க வேணாம், டனல் கவர் கழண்டா போதும். மேல பிளக்கைத் திறந்தா ஸ்பிரிங், பிளஞ்சர், அப்புறம் 5/16 இன்ச் பால் ஒண்ணு, அதைக் காந்தத்துல எடுங்க. கீழ வால்வை ஒரு கம்பியை உள்ள விட்டு மெதுவா மேல இழுங்க. வால்வோட அடிப்பக்கம் ஊசி முனை மாதிரி ஒரு ஓட்டை இருக்கும், அதுல தூசி அடைச்சா ஓவர்டிரைவ் போட்டா வெளிய வராம மாட்டிக்கும். கிளீன் பண்ணி காத்து ஊதுங்க, கம்பி விட்டு ஓட்டையைப் பெருசாக்கிடாதீங்க. அப்படியே கீழ டிரெயின் பிளக்கைக் கழட்டி உள்ள இருக்கிற வலை ஃபில்டரையும் மண்ணெண்ணெய்ல கழுவிடுங்க. இதுவரைக்கும் பண்ணியும் வழுக்குதுன்னா சரி, இப்ப கியர்பாக்ஸை வெளிய எடுத்து பிரிக்கலாம்.

பிரிக்கும்போது அவசரப்பட்டா அடி வாங்குற இடம் ஒண்ணு இருக்கு. கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற அடாப்டர் பிளேட்டையும் ஓவர்டிரைவ் கேஸிங்கையும் ஆறு ஸ்டட் (தலை இல்லாத போல்ட்) பிடிச்சிருக்கும், அதுல ரெண்டு மட்டும் நீளம். நாலு குட்டை ஸ்டட் நட்டை முதல்ல எடுங்க, அப்புறம் நீளமான ரெண்டையும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா, ஏன்னா அந்த எட்டு ஸ்பிரிங்கும் பின்னாடி இருந்து தள்ளிட்டு இருக்கு. ஸ்பிரிங் நீளம் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது, எந்தக் குழில எது வந்துச்சுன்னு போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, ஞாபகம் இருக்கும்னு நம்பாதீங்க. கோன் பிரேக் ரிங்ல ஒட்டிக்கிட்டு வரலைன்னா தோல் சுத்தியலால ரிங்கைச் சுத்தி தட்டினா விட்டுடும். லைனிங் எரிஞ்சு கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தாலோ, தேஞ்சு மெட்டல் தெரிஞ்சாலோ மாத்தணும். ஓ-ரிங் (ரப்பர் வளைய சீல்) எல்லாம் கண்ணை மூடிட்டு புதுசு போடுங்க.

திரும்ப சேர்க்கும்போது பிளானட் கியர் ஒவ்வொண்ணுலயும் ஒரு பல்லுல புள்ளி அடிச்சிருப்பாங்க. மூணு புள்ளியும் வெளிப்பக்கம் பார்த்த மாதிரி திருப்பி வச்சுட்டுத்தான் சன் வீலை இறக்கணும். உருளை கிளட்சை உள்ள விடும்போது உருளைங்க சிதறாம இருக்க ஒரு ரப்பர் பேண்ட் சுத்திக்கோங்க, உள்ள போகப் போக அது தானா மேல கழண்டுடும்.

இப்ப வருது பொறுமையைச் சோதிக்கிற கட்டம். உள்ள ரெண்டு ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் மாட்டுற பல் வரிசை), ஒண்ணு பிளானட் கியரைத் தாங்குற கேரியர்ல, ஒண்ணு உருளை கிளட்ச்ல, ரெண்டும் ஒரே கோட்டுல வந்தாத்தான் கியர்பாக்ஸோட மெயின்ஷாஃப்ட் இறங்கும். யூனிட்டை செங்குத்தா நிறுத்தி நீளமான ஸ்குரூ டிரைவரை விட்டு உள் ஸ்ப்ளைனை இடப்பக்கமா மட்டும் திருப்பி நேராக்குங்க, அதுக்கப்புறம் வெளி ஷாஃப்டைத் தொடவே கூடாது. ஆயில் பம்பை ஓட்டுற கேமோட தாழ்ந்த பக்கம் பம்ப் பிளஞ்சர் பக்கம் பார்த்திருக்கணும். கியர்பாக்ஸை மேல இருந்து இறக்கினா தன் வெயிட்லயே அரை இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல இடைவெளி விட்டு நிக்கும், அது ஸ்பிரிங்கோட இடைவெளி, நீள ஸ்டட் ரெண்டையும் சமமா டைட் வச்சா மூடிக்கும். அதுக்கும் மேலயே நின்னுச்சுன்னா ஸ்ப்ளைன் சேரலன்னு அர்த்தம். நட்டால இழுத்து சேர்த்துடலாம்னு மட்டும் நினைக்காதீங்க, தூக்கி திரும்ப முதல்ல இருந்து. எனக்கு நாலாவது தடவைதான் உக்காந்துச்சு, அதுக்குள்ள ரெண்டு டீ ஆறிப் போச்சு.

ஆயில் உங்க கார் புக்ல என்ன போட்டிருக்கோ அதுதான், உராய்வைக் குறைக்கிற அடிட்டிவ் எதுவும் ஊத்தாதீங்க, கோன் கிளட்ச் வழுக்க ஆரம்பிச்சுடும். கொஞ்ச தூரம் ஓட்டி, போட்டு எடுத்து பார்த்துட்டு வந்து நிறுத்தினதும் லெவலை மறுபடியும் பாருங்க, ஓவர்டிரைவ் தனக்கு வேண்டியதைக் குடிச்சிருக்கும், கியர்பாக்ஸ்ல கண்டிப்பா குறைஞ்சிருக்கும்.