ரத்தக் கோளாறு சந்தேகமா? பரிசோதனையில் நடக்கும் தவறுகள்

சிபிசி (ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் பரிசோதனை) ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் பார்ப்பது ஹீமோகுளோபின் ஒன்றைத்தான். 11 என்று இருந்தால், ‘ரத்தம் கம்மி’ என்று இரும்புச் சத்து மாத்திரையை ஆரம்பித்துவிடுகிறார்கள். அதே தாளில் இருக்கும் எம்.சி.வி.யையும் (சிவப்பணுவின் சராசரி அளவு, இயல்பு 80 முதல் 100) ஆர்.பி.சி. (சிவப்பணு) எண்ணிக்கையையும் பார்க்காமல் விடுவதுதான் முதல் தவறு.

ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 11, எம்.சி.வி. 64, ஆர்.பி.சி. 5.6 மில்லியன் என்று வைத்துக்கொள்வோம். இரும்புச் சத்து போதாவிட்டால் அணுக்கள் சிறுக்கும், எண்ணிக்கையும் பொதுவாகக் குறையும். இங்கே அணு சிறுத்திருக்கிறது, எண்ணிக்கையோ கூடியிருக்கிறது. 64-ஐ 5.6-ஆல் வகுத்தால் 11.4. விடை 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா மைனரை (ஹீமோகுளோபின் உற்பத்தியைக் குறைக்கும் பரம்பரைக் கோளாறின் லேசான வடிவம்) சந்தேகிக்க வேண்டும். ஆனால் இந்தக் கணக்கு சந்தேகத்துக்கு மட்டும்தான், அடுத்தது ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. பரிசோதனை. பீட்டா தலசீமியா மைனரில் ஹெச்பி ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகை வழக்கமாக 3.5 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். கூடவே இரும்புச் சத்தும் குறைந்திருந்தால் ஏ2 இறங்கிக் காட்டும், தலசீமியா மைனர் கண்ணில் படாமல் போய்விடும். அதனால் ஃபெரிட்டினையும் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்) சேர்த்தே பாருங்கள். கல்யாணத்துக்கு முன்போ கர்ப்பத்தின் தொடக்கத்திலோ இதைக் கோட்டை விடவே கூடாது: கணவன் மனைவி இருவருக்கும் மைனர் இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குத் தலசீமியா மேஜர் (அதே கோளாறின் கடுமையான வடிவம்) வர 25 சதவீத வாய்ப்பு உண்டு.

காய்ச்சலோ வேறு தொற்றோ இருக்கும்போது எடுத்த ஃபெரிட்டினை நம்பி ‘இரும்புச் சத்து போதும்’ என்று முடிவு கட்டாதீர்கள். அழற்சியில் அது தானாகவே ஏறும். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் பார்த்தால் தெளிவாகும்.

எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது, ரத்தம் எடுக்கும் முன்பே சிகிச்சையைத் தொடங்குவது. பி12 ஊசி போட்ட பிறகு பி12 அளவைப் பார்த்துப் பயனில்லை. ரத்தம் ஏற்றிவிட்டால் கொடையாளரின் அணுக்கள் கலந்துவிடும், ஹெச்.பி.எல்.சி.க்குச் சுமார் 3 மாதம் காத்திருக்க வேண்டும். லுகேமியா (ரத்தப் புற்று) சந்தேகத்தில் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் புற்று அணுக்கள் தற்காலிகமாக மறைந்து, எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையே ஏமாற்றக்கூடும். அவசரமாக ரத்தம் ஏற்றத்தான் வேண்டுமா? பையை மாட்டும் முன் ஊதா மூடி டியூப் ஒன்றும் சீரம் டியூப் ஒன்றும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

பிளேட்லெட் 40,000 என்று வருகிறது, உடம்பில் ஒரு ரத்தப் புள்ளிகூட இல்லை. சிலருக்கு ஊதா மூடி டியூபில் உள்ள ஈ.டி.டி.ஏ. என்ற உறைவுத் தடுப்புப் பொருளால் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெஷின் குறைத்து எண்ணிவிடும். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியரில் அந்தக் கொத்துகள் தெரியும். நீல மூடி சிட்ரேட் டியூபில் மறுபடி எடுத்து, வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும்.

மெஷின் எண்களோடு நிற்காமல், பெரிஃபெரல் ஸ்மியரை நோயியல் மருத்துவர் பார்த்தாரா என்று கேளுங்கள். அதில் ‘பிளாஸ்ட்’ (முதிராத ரத்த அணு, லுகேமியாவின் அறிகுறியாக இருக்கலாம்) என்று எழுதியிருந்தால் மறுபரிசோதனைக்கு ஒரு வாரம் பொறுக்க வேண்டாம், அன்றைக்கே ரத்தவியல் நிபுணரிடம் போக வேண்டும்.