கடவுளைப் பற்றிப் பேசும்போது எங்கே வழுக்குகிறோம்?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று நீலகிரியில் எந்த ஊருக்குப் போனாலும் கத்தோலிக்கக் கோயிலும் சி.எஸ்.ஐ. ஆலயமும் பெந்தெகொஸ்தே சபையும் அருகருகே இருக்கும். ஞாயிறு பள்ளி ஆசிரியர், திடப்படுத்தல் வகுப்போ உறுதிபூசுதல் வகுப்போ எடுப்பவர், தேயிலைத் தோட்டத்திலும் அலுவலகத்திலும் "உங்க கடவுள் யாரு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் விசுவாசி, அந்தக் கேள்வியை உண்மையாகவே கேட்பவர் ஆகிய எல்லோருக்கும் பொதுவான சில தவறுகள் உண்டு. பெரும்பாலானவை ஒரே இடத்தில் தொடங்குகின்றன. சபையின் கோட்பாடுகள் கடவுளை முழுக்க விளக்கிவிட எழுந்தவை அல்ல. எதைச் சொன்னால் தடம் மாறிவிடும் என்று காட்டும் வேலிகள் அவை. வேலியை விளக்கமாக எடுத்துக்கொண்டால் பேச்சு கோணலாகிவிடும்.

உவமையோடு தொடங்குவது

திரித்துவம், அதாவது ஒரே கடவுள் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவராக இருக்கிறார் என்ற நம்பிக்கை, என்றதும் பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று உவமை தேடுகிறோம். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்பார்கள். தேயிலை, பால், சர்க்கரை சேர்ந்து ஒரே டீ ஆகிறதே என்பார்கள். ஒரே ஆள் வீட்டில் அப்பா, தோட்டத்தில் மேஸ்திரி, சங்கத்தில் தலைவர் என்பார்கள். மூன்றுமே தவறான இடத்துக்குக் கொண்டுபோகும்.

முதலில் மூன்று வாக்கியங்களைச் சொல்லுங்கள். கடவுள் ஒருவரே. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் கடவுளே. பிதா குமாரன் அல்ல, குமாரன் ஆவி அல்ல, ஆவி பிதா அல்ல. பிறகு எந்த உவமையையும் இவற்றோடு ஒத்துப் பாருங்கள். தண்ணீர் உவமையும் மேஸ்திரி உவமையும் மூன்றாவது வாக்கியத்தில் விழும்: ஒரே ஆள் மூன்று வேடம் போடுகிறார் என்றாகிவிடும். இது 3-ஆம் நூற்றாண்டில் சபெல்லியுஸ் பெயரால் அறியப்பட்டு மறுக்கப்பட்ட கருத்து. டீ உவமை இரண்டாவது வாக்கியத்தில் விழும்: சர்க்கரை மட்டும் டீ ஆகாது, ஆனால் குமாரன் கடவுளின் ஒரு பங்கு அல்ல, முழுக் கடவுள். ஒரே குடும்பத்து மூன்று சகோதரர்கள் என்றால் முதல் வாக்கியமே போய்விடும்.

உவமைக்குப் பதில் மாற்கு 1:9-11 வாசியுங்கள். குமாரன் யோர்தானில் நிற்கிறார், ஆவி இறங்குகிறது, வானத்திலிருந்து பிதாவின் குரல் கேட்கிறது. மூவரும் ஒரே நேரத்தில் இருக்கிறார்கள். வேடம் மாற்றும் ஒருவர் அங்கே இல்லை என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

"எங்களுக்கு மும்மூர்த்தி இருக்கிற மாதிரிதானே?" என்று பக்கத்து வீட்டார் நட்போடு கேட்பதுண்டு. ஆமாம் என்று தலையாட்டுவதும் தவறு, சண்டைக்குப் போவதும் தவறு. படைத்தல், காத்தல், அழித்தல் என்று தொழில் பிரிந்து நிற்பது அங்கே. இங்கே படைப்பு, மீட்பு எதுவானாலும் மூவரின் ஒரே செயல். இந்த வேறுபாட்டை அன்போடு சொன்னாலே போதும்.

நிசேயாவைப் பற்றிய வதந்தி

"இயேசுவை 325-இல் கான்ஸ்டன்டைன் கடவுளாக்கினார், பைபிளில் எந்தப் புத்தகம் இருக்கலாம் என்று முடிவு செய்ததும் அப்போதுதான்" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டும் தவறு. நிசேயா நகரில் ஆயர்கள் கூடிய அந்தச் சங்கம் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டியதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே எழுந்த கேள்வி வேறு. அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ் என்ற குருவானவர், குமாரன் எல்லாவற்றுக்கும் முன் உண்டானவர், ஆனாலும் படைக்கப்பட்டவர் என்று கற்பித்தார். சங்கம் அதை மறுத்து, பிதாவும் குமாரனும் ஒரே தன்மையுடையவர்கள் என்றது. இயேசுவைக் கடவுளாக வணங்கும் வழக்கம் அதற்கு வெகு முன்பே இருந்தது. ஏறத்தாழ 112-இல் ரோம ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகக் கருதிப் பாடுகிறார்கள் என்று பேரரசர் திராயானுக்கு எழுதினார். பிளினி கிறிஸ்தவர் அல்ல, அவர்களைத் தண்டித்தவர். நிசேயா இயற்றிய 20 விதிகளில் எந்தப் புத்தகங்கள் வேதத்தில் சேரும் என்று வரையறுக்கும் விதி எதுவும் இல்லை. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் நாம் இன்று அறிந்தபடி பட்டியலிட்டது அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய மடல்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. இயேசு கடவுள் என்பதை நிலைநாட்டும் ஆர்வத்தில் அவர் மனிதர் என்பதை விட்டுவிடுகிறோம். அவருக்குப் பசித்தது, களைத்தது, அழுகை வந்தது. அந்த நாளும் நாழிகையும் குமாரனுக்கும் தெரியாது என்று மாற்கு 13:32 சொல்கிறது. இப்படிப்பட்ட வசனங்களைக் கண்டு நெளிய வேண்டாம். 451-இல் கல்கேதோன் நகரில் கூடிய சங்கம் இயேசுவின் தெய்வத்தன்மை, மனிதத்தன்மை என்ற இரு தன்மைகளைப் பற்றிச் சொன்னது நான்கு மறுப்புகளில் அடங்கும்: கலக்காமல், மாறாமல், பிரியாமல், பிளவுபடாமல். எப்படி என்று அது விளக்கவில்லை.

துக்க வீட்டில் கடவுளின் பெயரால் காரணம் சொல்வது

மிகவும் காயப்படுத்தும் தவறு இதுதான். 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் குன்னூர், கேத்தி, ஊட்டிப் பகுதிகளில் மண்சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்படிப்பட்ட சாவுகள் நேரும்போதெல்லாம் "கர்த்தருடைய தண்டனை", "நல்ல பூவைத்தான் கடவுள் முதலில் பறிப்பார்" போன்ற பேச்சுகள் எழுகின்றன. வேதம் இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. லூக்கா 13:4-இல் சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து இறந்த 18 பேரை இயேசுவே எடுத்துக்காட்டுகிறார். எருசலேமில் மற்ற எல்லோரையும்விட அவர்கள் அதிகக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்கிறார். மனந்திரும்புங்கள் என்ற எச்சரிக்கையும் அங்கே உண்டு, ஆனால் அது உயிரோடு கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு. இறந்தவர்கள்மேல் அதைத் திருப்பக்கூடாது. யோவான் 9:3-இல் பிறவிக் குருடனைப் பற்றியும் இவனும் பாவம் செய்யவில்லை, இவன் பெற்றோரும் செய்யவில்லை என்கிறார்.

மலையில் மண் சரிவதற்குக் கண்ணுக்குத் தெரியும் காரணங்கள் இருக்கின்றன: சரிவை வெட்டிக் கட்டிய வீடு, அடைபட்ட நீரோடை, மரம் போன மேடு. இவற்றைக் கடவுள் தலையில் போடுவது பக்தியாகாது. அதற்காக மனிதத் தவறு என்று சொல்லிவிட்டால் கேள்வி தீர்ந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். மனிதருக்குத் தந்த சுதந்திரம் கொலைக்கும் கொள்ளைக்கும் ஓரளவு பதிலாகலாம். தூங்கிக்கொண்டிருந்த குழந்தைமேல் மண் விழுந்ததற்கு அது பதிலாகாது. இருபது நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவர்களே இதோடு போராடி வருகிறார்கள், அதை ஒத்துக்கொள்வது நேர்மை.

பிள்ளைகளை இழந்த யோபுவோடு அவர் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் உட்கார்ந்தார்கள் (யோபு 2:13). அதுவரை சரி. வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும் தவறினார்கள். கடைசியில் கடவுள் கோபப்படுவது அவர்கள்மேல்தான், முறையிட்ட யோபுமேல் அல்ல (42:7). ஆகவே துக்க வீட்டில் போய் உட்காருங்கள். சமையலையும் அடக்க ஏற்பாட்டையும் கையிலெடுங்கள். வசனம் வேண்டும் என்று அவர்கள் கேட்டால் சங்கீதம் 13-ஐ வாசியுங்கள், அது ஆறே வசனம். எல்லாம் நன்மைக்கே நடக்கும் என்ற பொருளில் சொல்லப்படும் ரோமர் 8:28-ஐ முதல் நாளே சொல்ல வேண்டாம். சொல்லும் நாள் வரும்போதும் படைப்பே பெருமூச்சு விடுகிறது என்ற 22-ஆம் வசனத்திலிருந்து தொடங்குங்கள்.

வாக்குத்தத்த அட்டை

புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வேதவசன அட்டையில் எரேமியா 29:11 அடிக்கடி வரும்: கடவுள் நினைப்பது தீமை அல்ல, சமாதானம். அதை "இந்த வருஷம் வேலை கிடைக்கும்" என்று படித்துவிட்டு, டிசம்பரில் கிடைக்காதபோது கடவுள் பொய் சொன்னதாக மனம் உடைந்தவர்கள் பலர். ஒரு வசனத்தை எடுத்தால் முன்னும் பின்னும் பத்து வசனம் படியுங்கள். யார், யாருக்கு, எப்போது சொன்னது என்று பாருங்கள். இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். முந்தைய வசனத்திலேயே 70 வருடம் என்று இருக்கிறது. அதைக் கேட்டவர்களில் பலர் திரும்பியிருக்கவே மாட்டார்கள். ஐந்தாம் வசனம் அவர்களை வீடு கட்டி, தோட்டம் போட்டு, அங்கேயே வாழச் சொல்கிறது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து கூடலூர், பந்தலூர் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களுக்கு இந்தக் கடிதம் அட்டையைவிட ஆழமாகப் பேசும்.

கேள்வியை அடக்குவது

"சந்தேகம் பிசாசிடமிருந்து வருவது" என்று வகுப்பில் சொன்னால் பிள்ளை கேட்பதை நிறுத்தும், சந்தேகப்படுவதை நிறுத்தாது. கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ படிக்கப் போனதும் அந்தக் கேள்விகள் வேறு இடத்தில் பதில் தேடும். சிறையிலிருந்த யோவான் ஸ்நானகன், வரவேண்டியவர் நீர்தானா, வேறொருவருக்காகக் காத்திருக்கவா என்று ஆள் அனுப்பிக் கேட்டார் (மத்தேயு 11). இயேசு திட்டவில்லை. கண்டதையும் கேட்டதையும் போய்ச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டு, கூட்டத்தின் முன் யோவானைப் புகழ்ந்தார்.

வகுப்பு எடுப்பவர் பெயரில்லாமல் எழுதிய கேள்விகளை வாங்கலாம். தெரியாததற்கு "அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி, அடுத்த வாரம் கட்டாயம் சொல்ல வேண்டும். பதில் சொல்லும்போது எந்தச் சபையின் நம்பிக்கை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "இயேசு நாமம் மட்டும்" என்று ஞானஸ்நானம் கொடுக்கும் பெந்தெகொஸ்தே பிரிவினரும் யெகோவாவின் சாட்சிகளும் திரித்துவத்தை ஏற்பதில்லை. பிள்ளையின் பக்கத்து வீடு அந்தச் சபையைச் சேர்ந்ததாக இருக்கலாம்.