தகவல் தொடர்புப் பொறியியலில் முதுநிலைப் படிப்பு: எங்கே நேரம் போடுவது, எங்கே சறுக்கும்

இந்தப் படிப்பில் ஆன்டெனாவோ நெட்வொர்க்கோ புரியாமல் திணறுபவர்கள் குறைவு. திணறல் பெரும்பாலும் நிகழ்தகவில்தான். இளநிலையில் அது தேர்வுக்கு முந்தைய வாரம் புரட்டிப் பார்த்து எழுதிவிடுகிற ஒரு தாள். முதுநிலையில் வகுப்பே அந்த மொழியில்தான் நடக்கும். இரைச்சல், சேனல் (சிக்னல் கடந்துவரும் பாதை), ட்ராஃபிக் என்று எதை எடுத்தாலும் அது ஒரு சமவாய்ப்பு மாறியாகத்தான் கரும்பலகையில் வந்து நிற்கும்.

அதனால் முதல் செமஸ்டர் தொடங்குவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே கணக்கைத் தூசு தட்ட வேண்டும். எவ்வளவு தட்ட வேண்டும் என்பதை அறியத் தாளும் பேனாவும் மட்டும் வைத்துக்கொண்டு இந்த நான்கையும் போட்டுப் பாருங்கள். ஒன்று, கூட்டாகக் காஸியன் பரவல் கொண்ட இரண்டு மாறிகளில் ஒன்றின் மதிப்பு தெரிந்தால் மற்றதன் நிபந்தனைச் சராசரி என்ன? (மதிப்பீட்டுக் கோட்பாட்டில் பாதி இதுதான்.) இரண்டு, உண்மைப் பகுதியும் கற்பனைப் பகுதியும் சம மாறுபாடு கொண்ட, சராசரி சுழியான, ஒன்றையொன்று சாராத காஸியன் மாறிகள் என்றால் அந்தக் கலப்பெண்ணின் அளவு ராலே பரவலையும், அளவின் வர்க்கம் அடுக்குக்குறிப் பரவலையும் ஏன் பெறுகின்றன? மூன்று, சாதாரணக் கன்வல்யூஷனுக்கும் வட்டக் கன்வல்யூஷனுக்கும் என்ன வேறுபாடு? நான்கு, ஒரு 2×2 அணியின் ஒருமை மதிப்புப் பிரிப்பு அந்த அணியைப் பற்றி என்ன சொல்கிறது? மூன்றாவது தெரியாமல் ஓ.எஃப்.டி.எம்மில் (தரவைப் பல குறுகிய அலைவெண்களில் பிரித்து அனுப்பும் முறை) சுழல் முன்னொட்டு (ஒவ்வொரு தொகுதியின் வாலையும் நகலெடுத்து அதன் முன்னால் ஒட்டுவது) எதற்கு என்பது புரியாது. நான்காவது இல்லாமல் மைமோ (பல ஆன்டெனாக்களால் அனுப்பிப் பெறும் முறை) வெறும் அணிக் குவியலாகத் தெரியும்.

பாடங்களை அடுக்குவது

ஐரோப்பியக் கிரெடிட் முறையில் இரண்டு ஆண்டுப் படிப்பு 120 கிரெடிட், செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆக 6 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 150 முதல் 180 மணி நேரம். வாரம் 4 மணி வீதம் 14 வாரம் வகுப்பு நடந்தாலும் 56 மணிதான் ஆகிறது. மிச்சம் ஏறத்தாழ நூறு மணி நேரம் நீங்களாக உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியது. வகுப்புக்குத் தவறாமல் போயும் தேர்வில் கோட்டை விடுகிறவர்கள் இந்த நூறு மணியைத்தான் கணக்கில் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். வேறு கிரெடிட் முறை என்றாலும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

வரிசை முக்கியம். டிஜிட்டல் தொடர்பியல், சமவாய்ப்புச் செயல்முறைகள், டிஜிட்டல் சிக்னல் செயலாக்கம் மூன்றும் முதலில். தகவல் கோட்பாடும் பிழை திருத்தக் குறியீடுகளும் அடுத்து; இரண்டையும் ஒரே செமஸ்டரில் படித்தால் ஒன்று மற்றதற்குக் கைகொடுக்கும். வயர்லெஸ் சேனல், மைமோ போன்றவை அதற்குப் பிறகு. பெயர் கவர்ச்சியாக இருக்கிறதென்று மைமோவை முதல் செமஸ்டரிலேயே எடுத்தால், எதற்காக இத்தனை அணிகள் என்று தெரியாமலே செமஸ்டர் முடிந்துவிடும்.

பாடக் கையேட்டில் இரண்டு இடங்களை மட்டும் கூர்ந்து பாருங்கள்: முன்தேவை என்ன, அந்தப் பாடம் எந்த செமஸ்டரில் நடக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடக்கும் பாடத்தைத் தவறவிட்டால் ஒரு முழு ஆண்டு காத்திருக்க நேரும். ஆய்வேடும் அதோடு சேர்ந்து தள்ளிப்போகும். எனவே அட்டவணையை ஆய்வேட்டில் தொடங்கிப் பின்னோக்கிப் போடுவதே சரி.

இயற்பியல் அடுக்கு, நெட்வொர்க், சிக்னல் செயலாக்கமும் இயந்திரக் கற்றலும், ரேடியோ வன்பொருள் என்று பாதைகள் பிரியும். ஒன்றில் ஆழமும் இன்னொன்றில் பரிச்சயமும் போதும். நான்கையும் தொட்டுப் பார்த்தவருக்கு ஆய்வேட்டு வேளையில் எதிலும் பிடி இருக்காது. நெட்வொர்க் பக்கம் போகிறவர்கள் கணக்கிலிருந்து தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரியிலேயே 50 சதவீதச் சுமையில் ஒரு பாக்கெட் சராசரியாகச் சேவை நேரத்தைப் போல் 2 மடங்கு நேரம் அமைப்பில் தங்கும். 90 சதவீதத்தில் 10 மடங்கு. இந்த வளைவு ஏன் இப்படிச் செங்குத்தாக எழுகிறது என்று சொல்லத் தெரியாமல் நெட்வொர்க் வடிவமைப்பைத் தொட முடியாது.

சிமுலேஷன்: படிப்பின் கைத்தொழில்

மாட்லேபா பைத்தானா என்ற விவாதத்தில் நேரத்தை விட வேண்டாம். துறையில் எது ஓடுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமான கேள்வி, திரையில் வரும் கோடு சரியா தவறா என்று உங்களால் சொல்ல முடிகிறதா என்பதுதான்.

முதலில் எழுத வேண்டியது பி.பி.எஸ்.கே பண்பேற்றமும் (ஒரு நேரத்தில் ஒரு பிட் மட்டும் அனுப்பும் எளிய முறை) வெள்ளை இரைச்சலும் மட்டும் கொண்ட இருபது வரி நிரல். ஒரு பிட்டுக்கான ஆற்றலுக்கும் இரைச்சல் அடர்த்திக்கும் உள்ள விகிதம் 9.6 டெசிபலாக இருக்கும்போது பிட் பிழை விகிதம் பத்து லட்சத்துக்கு 10 என்று வர வேண்டும். 6.8 டெசிபலில் ஆயிரத்துக்கு ஒன்று. அடுத்து ராலே மங்கலை (சிக்னலின் அளவு ராலே பரவலின்படி ஏறி இறங்குவதை) சேருங்கள். அதே ஆயிரத்துக்கு ஒன்றை எட்ட இப்போது ஏறத்தாழ 24 டெசிபல் தேவைப்படும். இந்த மூன்று எண்களும் பொருந்தும் வரை அடுத்த வரியை எழுதாதீர்கள். பின்னால் எவ்வளவு பெரிய நிரல் எழுதினாலும், பிழை திருத்தக் குறியீட்டையும் மைமோவையும் அணைத்துவிட்டால் அது இந்த எண்களுக்குத் திரும்பி வர வேண்டும்.

பொருந்தவில்லை என்றால், கோட்டின் வடிவமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கோடு சரியான சாய்வோடு 3 டெசிபல் மட்டும் தள்ளி நின்றால், இரைச்சலின் மொத்த ஆற்றலையும் உண்மைப் பகுதிக்கும் கற்பனைப் பகுதிக்கும் தனித்தனியே கொடுத்திருப்பீர்கள். ஆளுக்குப் பாதிதான். பிட் ஆற்றலுக்கும் சிம்பல் (ஒரே முறையில் அனுப்பப்படும் பிட்களின் தொகுதி) ஆற்றலுக்கும் இடையிலான மாற்றத்தை மறந்தாலும் இப்படி நகரும்: 16 புள்ளிப் பண்பேற்றத்தில் பாதி விகிதப் பிழை திருத்தக் குறியீடு என்றால் ஒரு சிம்பலில் 2 தகவல் பிட்கள், எனவே 3 டெசிபல், பிழை திருத்தம் இல்லையென்றால் 4 பிட்கள், 6 டெசிபல்.

9 டெசிபல் தள்ளி நின்றால், ஒரு சிம்பலுக்கு எத்தனை மாதிரிகள் என்று பாருங்கள். 8 மாதிரிகள் என்றால் இரைச்சல் 8 மடங்கு அகலமான பட்டையில் பரவுகிறது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. 64 புள்ளி ஓ.எஃப்.டி.எம்மில் 18 டெசிபல் என்றால் குற்றவாளி எஃப்.எஃப்.டி (வேக ஃபூரியர் மாற்றம்). நேர்மாற்றத்தை விட்டுவிட்டுத் தலைகீழ் மாற்றத்தை மட்டும் 64-ஆல் வகுப்பது நம்பை (பைத்தானின் அணிக்கணக்கு நூலகம்), மாட்லேப் இரண்டின் வழக்கமும். அனுப்பும் பக்கம் 64-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி, பெறும் பக்கம் அதே எண்ணால் வகுத்தால் சரியாகிவிடும். மாட்லேபில் இரைச்சல் சேர்க்கும் தயார்நிலைக் கட்டளையும் ஒரு பொறி: சிக்னலை அளந்து பார்க்கச் சொல்லாவிட்டால் அதன் திறன் 1 வாட் என்றே அது எடுத்துக்கொள்ளும்.

எஸ்.என்.ஆர் (சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்) கூடக் கூடக் கோடு இறங்காமல் ஒரு மட்டத்தில் படுத்துவிட்டால் அது இரைச்சலின் வேலை இல்லை. சேனலின் எதிரொலி சுழல் முன்னொட்டை விட நீளமா, சேனல் மதிப்பீட்டில் பிழையா, ஒத்திசைவு தவறியதா என்று தேடுங்கள். மாட்லேப் நிரலைப் பைத்தானுக்கு மாற்றியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அணித் திருப்பத்தை: மாட்லேபின் ஒற்றை மேற்கோள் குறி இணையெண்ணையும் சேர்த்து எடுக்கும், நம்பையின் திருப்பம் எடுக்காது. உண்மை எண்களில் இது வெளியே தெரியாது. கலப்பெண் வந்ததும் எல்லாம் குலையும்.

கோடு எதிர்பார்த்ததை விட நன்றாக இருந்தால்தான் அதிகம் பயப்பட வேண்டும். வெள்ளை இரைச்சல் மட்டும் உள்ள சேனலில் எந்தப் பிழை திருத்தக் குறியீடும் பிட்டுக்கு -1.59 டெசிபலுக்குக் கீழே நம்பகமாக வேலை செய்ய முடியாது என்பது ஷானன் 1948-இல் தந்த கோட்பாட்டிலிருந்து வரும் எல்லை. அதைத் தாண்டியிருந்தால் பெறும் பக்கத்துக்கு அனுப்பிய பிட்கள் எங்கோ கசிகின்றன.

எவ்வளவு நேரம் ஓட்டுவது? ஒவ்வொரு புள்ளிக்கும் குறைந்தது 100 பிழைகள் சேரும் வரை. பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால் அப்போது மதிப்பீட்டின் திட்டவிலக்கம் சுமார் 10 சதவீதம். பத்து லட்சத்துக்கு 10 என்ற புள்ளிக்கு இதன்படி ஒரு கோடி பிட்கள் வேண்டும். மங்கும் சேனலில் இது போதாது. பிழைகள் கொத்தாக வரும். ஒரே மோசமான சேனல் நிலையில் விழுந்த 100 பிழைகள் ஒரே ஒரு நிகழ்வுக்குச் சமம். அங்கே பிட்களைக் கூட்டுவதை விடச் சேனல் நிலைகளைக் கூட்டுங்கள்.

தரநிலைகளும் கருவியும்

3ஜிபிபி (மொபைல் தரநிலைகளை வகுக்கும் அமைப்பு) ஆவணங்கள் இலவசம். 5ஜி ரேடியோவின் இயற்பியல் அடுக்கில் தொடங்க 38.211, 38.212, 38.214 மூன்றும் போதும். இவற்றைப் பாடநூல் போல முதலிலிருந்து படித்தால் தூக்கம்தான் வரும். என்ன செய்ய வேண்டும் என்று இருக்குமே தவிர ஏன் என்று இருக்காது. கேள்வியோடு போங்கள். தரவுக்கு எல்.டி.பி.சி, கட்டுப்பாட்டுச் சேனலுக்கு போலார் என்று இரண்டு பிழை திருத்தக் குறியீடுகளாக ஏன் பிரித்தார்கள் என்பதை வகுப்பில் புரிந்துகொண்டு, பிறகு 38.212-இல் எல்.டி.பி.சியின் இரண்டு அடிப்படை வரைபடங்களையும், அவற்றின் பெரும அளவுகளான 8448, 3840 பிட்களையும் தேடினால் ஆவணம் பேசத் தொடங்கும்.

ஒருமுறையாவது உண்மையான சிக்னலைத் தொடுவது நல்லது. ஆர்.டி.எல் வகை மென்பொருள் ரேடியோவும் க்னூ ரேடியோ என்ற சிக்னல் செயலாக்க மென்பொருளும் போதும். அந்தக் கருவி சிக்னலைப் பெற மட்டும் செய்யும். 8 பிட், நொடிக்கு ஏறத்தாழ 24 லட்சம் மாதிரிகள். திரையின் நடுவில் ஒரு முள் நின்றால் அது சிக்னல் இல்லை, கருவியின் நேர்மின் கசிவாக இருக்கலாம். நான்கு புள்ளிகள் வர வேண்டிய இடத்தில் வட்டம் வந்தால் அலைவெண் விலகல்: படிகம் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகினால் 1 கிகாஹெர்ட்ஸில் 20 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். அனுப்பும் வசதியுள்ள கருவி கிடைத்தால் காற்றில் அனுப்பாமல் கேபிளில், நடுவே 30 டெசிபல் அட்டெனுவேட்டர் (சிக்னலைத் தணிக்கும் பாகம்) வைத்து இணையுங்கள். உரிமமில்லாத ஒலிபரப்பும் நடக்காது, பெறும் முனையும் கருகாது.

ஆய்வேடு

30 கிரெடிட் என்றால் 750 முதல் 900 மணி நேரம், அதாவது ஆறு மாதம். முதல் நான்கு வாரங்களில் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். உங்கள் தலைப்புக்கு அருகில் உள்ள ஒரு கட்டுரையின் ஒரே ஒரு படத்தை மறுபடி வரையுங்கள். அந்தப் படம் வந்துவிட்டால் ஒப்பிட ஓர் அடித்தளம் கிடைத்தது. வராவிட்டால், எந்த அளவுரு சொல்லப்படவில்லை என்பதை நெறியாளரிடம் கொண்டு போக முதல் மாதத்திலேயே முடியும். ஐந்தாம் மாதத்தில் அது தெரியவந்தால் சிக்கல்தான். சந்திப்புக்கு ஒரு பக்கம் போதும்: முடித்தது, ஒரு வரைபடம், ஒரு கேள்வி.

நியூரல் நெட்வொர்க் ரிசீவர் எடுப்பவர்கள் மரபான நேரியல் மதிப்பீட்டானோடு நேர்மையாக ஒப்பிட வேண்டும்; வேண்டுமென்றே பலவீனமாக எழுதிய எதிராளியை வீழ்த்துவதில் பெருமை இல்லை. பயிற்சியிலும் சோதனையிலும் ஒரே சேனல் நிலைகள் கலந்தால் முடிவு பொய். பயிற்சியில் இல்லாத சேனல் மாதிரியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் சுவாரசியமான அத்தியாயம் அங்கேதான் கிடைக்கும்.

ஒவ்வொரு வரைபடத்தோடும் அதன் எண்கள், சமவாய்ப்பு விதை, அப்போதைய நிரலின் கிட் (நிரல் பதிப்புகளைக் காக்கும் கருவி) அடையாளம் மூன்றையும் சேமியுங்கள். படத்தை மட்டும் வைத்திருந்தால் அச்சின் எழுத்தைப் பெரிதாக்கக்கூட மூன்று நாள் சிமுலேஷனை மறுபடி ஓட்ட நேரிடும். கடைசி ஆறு வாரம் எழுதுவதற்கு மட்டும். புதிய யோசனை வந்தால் "எதிர்காலப் பணி" என்ற தலைப்பின் கீழ் போட்டுவிட்டு நகருங்கள்.

வாய்மொழித் தேர்வில் நுட்பமான நிரூபணங்களுக்கு முன்பு எளிய கேள்விகள் விழும். கிடை அச்சில் இருக்கும் எஸ்.என்.ஆர் பிட்டுக்கா, சிம்பலுக்கா, ஆன்டெனாவுக்கா? அதை எங்கே அளந்தீர்கள்? இந்தப் புள்ளிக்கு எத்தனை பிழைகள் எண்ணினீர்கள்? ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் இந்த மூன்றுக்கும் விடையை ஒரு வரியில் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.